குடைக் கைப்பிடியால் கொள்ளையரை நிறுத்திய பூட்டம்மாவுக்கு

கடல் கடந்து வந்த கொள்ளைப் படையொன்றை, காவலர் துணையின்றி, கருவிகள் ஏதுமின்றி, கணினியின் ஒரு விசையைக்கூடத் தொடாமல், கடன் வாங்கிய குடையின் வளைந்த கைப்பிடியைக் கழுத்தில் மாட்டி இழுத்து, மதிய உணவுக்கு முன் மண்ணைக் கவ்வச் செய்த மாபெரும் வீராங்கனையே, மாணவர்கள் பூட்டம்மா என்று அழைக்கும் கடவுச்சொற்களின் காவலரே, சந்தேகத்தைச் சாத்திரமாக்கிய சான்றோரே, எங்கள் இணையப் பாதுகாப்புத் துறையிலிருந்து இன்று ஓய்வு பெறும் இணையிலாப் பேராசிரியரே, வணக்கம்.

இந்த முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள், அரங்கின் இடப்புறத்தில், முழங்கால்களுக்கு நடுவே குடையை நட்டுவைத்து அமர்ந்திருக்கும் ஒருவர், "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல" என்று முணுமுணுத்திருப்பார். முணுமுணுக்கட்டும். தேர்வு அலுவலராகிய அவரை மழையானாலும் வெயிலானாலும் குடையோடுதான் காணலாம் என்பதால் வளாகம் முழுவதும் அவரைக் குடையார் என்றே அழைக்கிறது. அந்த நாளில் தங்களோடு உடனிருந்த ஒரே சாட்சி அவர். அது நடக்கவே இல்லை என்று இத்தனை ஆண்டுகளாகச் சாதித்துவரும் ஒரே மனிதரும் அவரே.

சரிபார்க்காத எதிலும் எவரும் கையெழுத்திடலாகாது என்பது தாங்கள் இத்துறைக்கு விதித்த சட்டம். அச்சட்டத்துக்கு அடிபணிந்து, இம்மடலின் அடியில் ஒரு கையகலம் வெற்றிடம் விட்டிருக்கிறோம். மறுப்புள்ளவர், மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுமுன் அங்கே எழுதலாம். இதை எழுதும் பணி, சென்ற ஆண்டே ஓய்வு பெற்று, இனி எந்தக் குறிப்பாணையும் தீண்ட முடியாத உயரத்தில் உலாவும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆதலால் மிகை சற்றுத் தாராளமாகவே இருக்கும். பொய் இராது.

ஐயத்தின் அரசியே,

தொழில் உலகில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கள் ஆற்றிய பணியை அளக்க எங்களிடம் அளவுகோல் இல்லை. வங்கிகளின் வாயில்களைக் காத்தீர்கள்; தொலைபேசி நிறுவனங்களின் தூக்கத்தைக் கெடுத்தீர்கள். ஓர் அலுவலகத்தின் வாசலில் நின்று மூக்கை ஒருமுறை உறிஞ்சி, "இங்க யாரோ பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வெச்சிருக்காங்க" என்பீர்களாம். மாடிக்கு ஏறிப்போய்ப் பார்த்தால், யாரோ ஒருவரது திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு சிரித்துக்கொண்டிருக்குமாம். செவிவழிச் செய்திதான். ஆனால் தங்கள் மூக்கைப் பார்த்தவர்கள் நம்பாமல் இருக்க முடியாது.

அத்தனை உயரத்தை உதறிவிட்டு எங்களிடம் ஏன் வருகிறீர்கள் என்று நேர்முகத் தேர்வில் கேட்டோம். "அங்க திருட்டுப் போனப்புறம்தான் என்னைக் கூப்பிடுறாங்க. போறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேட்கிற ஆளுங்க வேணும்" என்றீர்கள். நாங்களும் தங்களுக்குத் தக்கதோர் ஆய்வகம் தந்தோம். உடைந்த நாற்காலிகளைக் கூரைவரை அடுக்கியிருந்த கிடங்கு அது. நாற்காலிகளை வெளியே எடுத்தபோது, எலிகளின் மூன்று தலைமுறை மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தது. தாங்கள் முகம் சுளிக்கவில்லை. "எலி வர்ற வழியிலதான் கேபிள் போகும்" என்று அந்த ஓட்டைகளையே படம் வரைந்து வைத்துக்கொண்டீர்கள்.

தங்கள் முதல் வகுப்பை இவ்வளாகம் மறவாது. கையில் ஒரு கூடையோடு உள்ளே வந்தீர்கள். "எல்லார் ஃபோனையும் இதுல போடுங்க" என்றீர்கள். போட்டார்கள். "திறக்கிற எண்ணை ஒரு தாள்ல எழுதி மேல வைங்க" என்றீர்கள். வைத்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர், வகுப்பு முடியும் நேரத்தில் திரும்பி வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் யாருன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" அன்று தலைகுனிந்தவர்களில் பலர் இன்று தலைநிமிர்ந்து பல நிறுவனங்களின் கதவுகளைக் காக்கிறார்கள். அவர்களது வாழ்த்துகளும் மின்னஞ்சலில் வந்து குவிந்துள்ளன. தாங்கள் கற்பித்தபடியே அவற்றை நாங்கள் திறக்கவில்லை.

இயந்திரங்களை ஆராய ஆயிரம் பேர் இருக்க, தாங்கள் ஆராய்ந்தது மனிதரின் தயக்கத்தை. தெரியாத ஒன்றைத் திறக்குமுன் விரல் ஒரு கணம் நிற்கிறதே, அந்தக் கணம் ஏன் சிலருக்கு வருகிறது, ஏன் சிலருக்கு வருவதில்லை என்பதை ஆண்டுக்கணக்கில் அளந்தீர்கள். ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, அகத்திலும் அளந்தீர்கள். குரலை மாற்றிக்கொண்டு தங்கள் கணவரையே தொலைபேசியில் சோதிப்பீர்கள். பல் மருத்துவராகிய அவர் பிறர் வாயைத் திறக்க வைத்தே பழகியவர். தம் வாயைத் திறக்கமாட்டார். ஒருநாள் தாங்கள் மெய்யாகவே அழைத்தபோது, "நீ என் மனைவின்னா நேத்து நாம எதுக்குச் சண்டை போட்டோம்னு சொல்லு" என்றார். "எந்தச் சண்டை? மூணு நடந்துச்சே" என்றீர்கள். "சரி, நீதான்" என்று ஒத்துக்கொண்டார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மருத்துவருக்கு எங்கள் அனுதாபங்கள்.

இனிச் சற்று நேரம் தங்களைத் தாங்கள் என்று விளியாமல், அம்மையார் என்றே சொல்லிச் செல்ல அனுமதிக்க வேண்டும். கதைக்குரியவர் எதிரே அமர்ந்து முறைத்துக்கொண்டிருந்தால் சொல்பவருக்கு நாக்குக் குழறும்.

அம்மையார் பணியேற்ற ஆண்டே துணைவேந்தரின் ஒப்புதலோடு ஓர் ஏற்பாடு செய்தார். முன்னறிவிப்பின்றி அவ்வப்போது, அவரும் அவருடைய மாணவர்களும் பல்கலைக்கழகத்தின் மீதே பொய்த் தாக்குதல் நடத்துவார்கள். ஏமாந்தவர் பெயர் வெளிவராது. ஏமாந்த விதம் மட்டும் ஊழியர் கூட்டத்தில் பாடமாகும். இதற்காக இரண்டு உறுதிகள் கொடுத்தார். பயிற்சி என்ற பெயரில் மாணவர்களின் மதிப்பெண்ணை ஒருநாளும் தொடமாட்டார். மெய்யாகவே ஆபத்து வந்துவிட்டால், "இது பயிற்சி இல்லை" என்று சொல்லமாட்டார். ஊழியர்கள் மட்டும் அறிந்த ஓர் அடையாளச் சொல்லைச் சொல்வார். ஏனெனில் "இது பயிற்சி இல்லைங்க, சத்தியமா" என்பதை அவர் ஒவ்வொரு பயிற்சியிலும் கண்ணில் நீர் தளும்பச் சொல்லி, நாலைந்து பேரைக் கவிழ்த்துவிடுவார்.

தேர்வுப் பிரிவு நம் வளாகத்தின் கோட்டை. வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. அதன் சாவி குடையாரின் இடுப்பில். கதவுக்குப் பின்னால் அவருடைய மேசை. அதற்கப்பால் நீண்ட நடை. நடையின் ஒரு முனையில் மதிப்பெண்களைக் கொண்ட கணினியின் அறை. மறு முனையில் அவற்றின் நகலைக் காக்கும் கணினியின் அறை. இரண்டையும் இணைத்து, சுவரின் உச்சியில், பல்லிகள் துணி காயப்போடும் கொடிபோல ஒரு நீலக் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. "இதை ஒரு குழாய்க்குள்ள விட்டு மூடுங்க சார், ஏணி போட்டா யார் வேணாலும் கை வெச்சுடலாம்" என்று அம்மையார் சொல்லாத மாதமில்லை. "என் கதவைத் தாண்டி யாரு மேடம் வரப்போறாங்க" என்று குடையார் சிரிக்காத மாதமும் இல்லை.

அந்தக் கதவை அம்மையார் பயிற்சியின்போது ஒரே ஒருமுறை தாண்டினார். இரு கைகளிலும் தேநீர்த் தட்டைத் தாங்கி, கோப்பைகள் தளும்ப வந்து நின்று, "சார், கதவு, கை சுடுது" என்றார். பதறிப்போய்த் திறந்தார் குடையார். அம்மையார் உள்ளே போய், தட்டை மேசையில் வைத்து, அவருடைய நாற்காலியிலேயே அமர்ந்து, அவருடைய திரையிலேயே "தேநீர் எப்படி?" என்று தட்டிவிட்டு எழுந்து வந்தார். ஊழியர் கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லவில்லை. "வெயிலிலும் குடை பிடிக்கும் ஓர் அன்பர்" என்று மட்டும் தொடங்கினார். அரங்கமே ஒரு பக்கம் திரும்பியது.

அன்று குடையார் எழுந்து நின்று சபதம் செய்தார். "இனிமே நீங்க தீப்பிடிச்சு எரிஞ்சுக்கிட்டே வந்தாலும் அந்தக் கதவைத் திறக்கமாட்டேன் மேடம்."

செய்தும் காட்டினார். குளிரூட்டி பழுதுபார்ப்பவராக வந்தார் அம்மையார், திறக்கவில்லை. தீ என்று மாணவர்களைக் கத்தவிட்டார். குடையார் ஒரு வாளித் தண்ணீரைக் கம்பி வழியே நீட்டினார், கதவைத் திறக்கவில்லை. அம்மையாரிடமிருந்து வரும் மின்னஞ்சல்களைப் படிக்காமலே அழித்தார். வகுப்புக்கு ஒருநாளும் வராமல் அம்மையாரின் தலைமாணாக்கர் ஆகிவிட்டார் அவர். பழைய அடையாளச் சொல் வெளியே கசிந்துவிட்டதால், புதிய சொல்லை நேரில் வந்து கேட்டுக்கொள்ளும்படி அம்மையார் எல்லாருக்கும் எழுதினார். எல்லாரும் வந்தார்கள், குடையாரைத் தவிர. தேர்வு நேரத்து வேலையாக இருக்கும் என்று அம்மையார் நினைத்துக்கொண்டார். சரிபார்க்கவில்லை. எங்களுக்குத் தெரிந்து இப்பணிக்காலத்தில் அவர் செய்த தவறு அது ஒன்றே.

முடிவுகள் வெளியாக வேண்டிய நாள் வந்தது. காலையிலிருந்தே தூறல். இறுதியாண்டு மாணவர்கள் அறிவிப்புப் பலகையின் முன் அப்போதே இடம் பிடித்துவிட்டார்கள். வேலைக்கான ஆணை கையில் இருந்தும், தேர்ச்சிச் சான்று இல்லாமல் சேர முடியாதவர்கள் பலர். குடையாரின் மகளும் அக்கூட்டத்தில் ஒருத்தி. அவள் இங்கே சேர்ந்த நாளிலேயே, "அவ மார்க்கை நானும் போர்டுலதான் பார்ப்பேன், அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்" என்று குடையார் பலர் அறியச் சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாறாதவர் என்பதால் எவரும் அதை ஐயுற்றதில்லை.

ஆய்வகத்தில் அமர்ந்திருந்த அம்மையாரின் கண்காணிப்புத் திரையில், தேர்வுப் பிரிவின் தரவுப் போக்கைக் காட்டும் கோடு செங்குத்தாக எழுந்தது. பிறகு எல்லாத் துறைகளின் கோடுகளும் அதன் பின்னே எழுந்தன. கணினி மையத்தின் பொறுப்பாளர் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். எல்லாத் திரையிலும் மிரட்டல் வந்திருக்கிறதாம்: கோப்புகளைப் பூட்டிவிட்டோம், கேட்டதைக் கொடுத்தால்தான் திறப்போம். "சூப்பர் மேடம். இந்தத் தடவை அப்படியே நிஜம் மாதிரி இருக்கு. ஃபோட்டோகூட எடுத்து வெச்சிருக்கேன்."

அம்மையார் அவர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். "ஒட்டகம்."

அவர் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. வெளியுலகத் தொடர்பைத் துண்டிக்க அவர் ஓடினார். ஆனால் திருடன் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தான். துணைவேந்தர் அலுவலகத்தில் ஒருவர் பரிசு விழுந்ததாக வந்த செய்தியைத் தொட்டுப் பார்த்ததன் பலன் அது. அவர் யாரென்று சொல்லமாட்டோம், முன்வரிசையில்தான் இருக்கிறார். மதிப்பெண் கணினியைத் தின்று முடித்ததும் திருடன் ஏவிய நச்சு நிரல் நீலக் கேபிள் வழியே நகலுக்குப் போகும். நகலும் போனால், இதுவரை இங்கே படித்த எவரும் இங்கே படித்ததற்கு அத்தாட்சி இல்லை. அம்மையார் தேர்வுப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். தொலைபேசியும் அதே கணினி வலையில்தான் இருந்தது, செத்துக் கிடந்தது. அம்மையார் தூறலில் இறங்கி ஓடினார். அவர் ஓடிய ஓட்டத்தில் வழியிலிருந்த மரங்கள் இலை உதிர்த்தன.

கம்பிக் கதவுக்குப் பின்னால், திரையில் வந்த மிரட்டலையும் அம்மையாரின் பயிற்சி என்று மூடிவிட்டு, குடையார் தேநீர்க் கோப்பையோடு வீற்றிருந்தார். மேசைமீது குடை.

"சார், ஒட்டகம்."

குடையார் ஒரு வாய் உறிஞ்சினார். "ஒட்டகமா? போன தடவை தீ. அதுக்கு முந்தி ஏசி மெக்கானிக். இப்ப மிருகக்காட்சி சாலையா மேடம்?"

"அது புது வார்த்தை சார். நிஜமா ஆபத்து வந்தா சொல்றது. நேர்ல வந்து கேட்டுக்குங்கன்னு மெயில் போட்டேனே."

"வந்துச்சு. அழிச்சுட்டேன்."

"ஏன் சார்?"

"நீங்கதானே சொன்னீங்க, உங்ககிட்டேருந்து அவசரமா எது வந்தாலும் அழிச்சுடணும்னு."

அம்மையார் கம்பியைப் பற்றிக்கொண்டார். மாணவர்களைப் பற்றிச் சொன்னார். நகலைப் பற்றிச் சொன்னார். தாம் தொழிலில் பார்த்த நிறுவனங்கள் ஒரு காலைப்பொழுதில் காலியானதைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குடையாரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. "கண்ணு கலங்குது பாருங்க. போன தடவையும் இதே கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அழுதீங்க. ஆனா ஒண்ணு மேடம், நாளுக்கு நாள் நல்லா நடிக்கிறீங்க."

எச்சரித்தால் கேட்கிறவர்களைத் தேடி வந்தவர் அம்மையார். அவரே விதைத்து, அவரே நீரூற்றி வளர்த்த சந்தேகம் இப்போது இரும்புக் கம்பியாக முளைத்து அவருக்கும் அந்தக் கேபிளுக்கும் நடுவே நின்றது. பூட்டை அவரே செய்திருந்தார். சாவி செய்ய மறந்திருந்தார். இந்தக் கதவு இப்படியே இருந்து எல்லாம் அழிந்துபோனால், அழித்தவன் எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடன் அல்ல, தம் பாடம்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவர் தம் ஆய்வையே நினைத்துப் பார்த்தார். தயங்குகிற மனிதன் கேட்பவரைத்தான் சந்தேகிக்கிறான். ஏமாற்ற வருகிறவர் எவரும் ஏதாவது ஒன்றைக் கேட்டே தீர வேண்டும். தாம் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

கம்பியிலிருந்து கையை எடுத்தார். பின்னால் நடந்துபோய், எதிர்ச்சுவரோரம் மாணவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் அமர்ந்தார்.

"சார், கதவைத் திறக்காதீங்க."

குடையாரின் கோப்பை பாதி வழியில் நின்றது. "என்னது?"

"யாரு கேட்டாலும் திறக்காதீங்க. நான் கேட்டாலும் திறக்காதீங்க. எனக்கு எதுவும் வேணாம். மார்க்கைத் தொடமாட்டேன்னு வந்த வருஷமே சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஒரு தடவையாவது தொட்டிருக்கேனா?"

"அது... இல்ல."

"அப்ப உங்க திரையில ஒரே ஒரு மாணவரோட எண்ணைத் தட்டுங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, என்கிட்ட சொல்லாதீங்க. மார்க் வந்துச்சுன்னா இது என் விளையாட்டு. நாளைக்கே கூட்டத்துல உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கிறேன். வரலைன்னா, அப்புறம் உங்க இஷ்டம்."

குடையார் தயங்கினார். தம் வாழ்நாளில் ஆயிரமாயிரம் தயக்கங்களை அளந்த அம்மையார் அதைப்போல் நீண்ட ஒன்றை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பனிமலைகள் உருகி, ஆறாகி, கடலில் கலந்து, மேகமாகி, அதே தூறலாக அந்தச் சன்னலுக்கு வெளியே விழுந்தன. அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் இருக்கத் தம் உடலோடு போராடினார். நடையின் கடைசியில், நகல் அறைக் கதவுக்கு மேலே ஒரு சிறு பெட்டியில் பச்சை விளக்கு படபடவென்று துடிக்கத் தொடங்கியது. கேபிளில் எதுவோ போய்க்கொண்டிருந்தது.

குடையார் கோப்பையை வைத்தார். எண்ணைத் தேட எந்தத் தாளையும் புரட்டவில்லை. மனப்பாடமாகத் தட்டினார்.

அவர் முகத்தில் என்ன நடந்தது என்பதை அம்மையார் இன்றுவரை எவரிடமும் விவரித்ததில்லை. அதைக் கண்ட பிறகு தமக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று மட்டும் சொல்வார். சாவிக்கொத்து பூட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் கம்பியெங்கும் கிலுகிலுத்தது.

"மேடம், எழுத்தெல்லாம் புழு மாதிரி நெளியுது. பேர்கூட இல்ல."

இருவரும் நகல் அறைக்கு ஓடினார்கள். குடையார் தம் அடையாள அட்டையைக் கதவின் மின்பூட்டில் காட்டினார். திறக்கவில்லை. மறு முனை அறையில் காட்டினார். திறக்கவில்லை.

"பூட்டும் அதே வலையிலதான் இருக்கு சார். எல்லாம் போச்சு."

"கரண்டை நிறுத்திடட்டுமா?"

"உள்ளே பேட்டரி இருக்கு. ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

பச்சை விளக்கு துடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். மாதந்தோறும் மூடச் சொல்லியும் மூடப்படாத அந்த நீலக் கேபிள், எட்டாத உயரத்தில், எதுவும் அறியாததுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மையாரின் உயரத்தைப் பற்றி நாங்கள் பேசமாட்டோம். அவருடைய பெருமை அதனினும் உயர்ந்தது.

"சார், குடையைக் குடுங்க."

"இதையா?"

"இல்ல, ஒட்டகத்தை. குடுங்க சார். உங்க நாற்காலியைக் கொண்டாந்து கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

"சக்கரம் இருக்கு மேடம், உருளும்."

"அதனாலதானே பிடிக்கச் சொல்றேன்."

அம்மையார் நாற்காலிமேல் ஏறினார். குடையின் கைப்பிடியை நீட்டிக் கேபிளில் மாட்டினார். முதல் இழுப்பில் சுவர்க்காரை மட்டும் அவர் தலையில் பொழிந்தது. இரண்டாம் இழுப்பில் ஒரு பல்லி குடும்பத்தோடு விழுந்தது. நாற்காலி ஒரு பக்கம் உருள, குடையார் இரு கைகளாலும் தழுவி அதை நிறுத்தி, "இழுங்க மேடம், இழுங்க" என்று தேர் வடம் பிடிப்பவர்போல் குரல் கொடுத்தார். மூன்றாம் இழுப்பில் அம்மையார் குடையை விடாமல் நாற்காலியிலிருந்தே குதித்துவிட்டார். கொள்ளைப் படை ஏறி வந்த பாலம், ஆணியும் காரையும் பிடுங்கிக்கொண்டு, அவர் பின்னாலேயே தரையில் வந்து விழுந்தது.

விளக்கு அணைந்தது.

அதன் பிறகு தச்சர் வந்து கதவின் கீல்களைக் கழற்றும்வரை இருவரும் அந்தக் கேபிளைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நகல் கணினியில் எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு போனது என்று எவருக்கும் தெரியாது. குடையார் ஒருமுறை, "அந்த மெயிலை நான் திறந்திருக்கணும்" என்றார். "நான் உங்களைத் தேடி வந்திருக்கணும்" என்றார் அம்மையார்.

கதவு பெயர்ந்தது. அம்மையார் திரையின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அதே எண்ணைத் தட்டிப் பாருங்க சார்."

குடையார் தலையை அசைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "எனக்கு வேணாம் மேடம். நீங்க வேற ஏதாவது ஒண்ணைப் பாருங்க."

அவர் ஏன் அப்படித் திரும்பிக்கொண்டார் என்று அம்மையார் கேட்கவில்லை. கைக்கு வந்த எண்ணைத் தட்டினார். பெயர் வந்தது; பெயருக்கெதிரே மதிப்பெண்கள், பிறந்த குழந்தையின் நகம்போல ஒவ்வொன்றும் அப்பழுக்கில்லாமல் வந்தன. ஒரே ஒரு துறையின் பழைய கோப்புகளை மட்டும் திருடன் கொறித்திருந்தான். மற்றதெல்லாம் இருந்தது. மாலையில் முடிவுகள் பலகைக்கு வந்தன. மின் பராமரிப்பால் தாமதம் என்றது அறிவிப்பு. மாணவர்கள் மின்வாரியத்தைத் திட்டிவிட்டு மகிழ்ச்சியோடு கலைந்துபோனார்கள்.

அன்றிலிருந்து கேபிள் குழாய்க்குள் போயிற்று. அன்றிலிருந்து குடையார் எதுவுமே நடக்கவில்லை என்கிறார். கேபிள் தானாகக் கழன்றதாம். அவருடைய குடையின் கைப்பிடி வளைவிழந்து நிமிர்ந்துபோனதேன் என்று கேட்டால், பேருந்துக் கதவில் மாட்டிக்கொண்டதாம். அந்தக் குடையைத்தான் இன்றும் அவர் முழங்கால்களுக்கு நடுவே நட்டுவைத்திருக்கிறார். அருகிலிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

பேராசிரியப் பெருந்தகையே,

மீண்டும் தங்களிடம் வருகிறோம். பிறரை நம்பாதிருக்கக் கற்பிப்பவர்கள் உலகில் பலர் உண்டு. நம்பாத ஒருவரிடம் நம்பிக்கையைக் கேட்காமல், அவர் கையாலேயே உண்மையைத் தொட்டுப் பார்க்கச் செய்தவர் தாங்கள். அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்களே, அதைவிடச் சிறந்த பாடத்தை இவ்வளாகத்தின் எந்த வகுப்பறையிலும் எவரும் நடத்தியதில்லை.

தங்கள் உடல்நலம் எந்த நோயும் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லால் காக்கப்படுக. தங்கள் முழங்கால்கள் இனியும் பல நாற்காலிகள்மேல் ஏறும் வலிமை பெறுக. தங்கள் கணவர் தொலைபேசியை எடுத்ததும் குறுக்கு விசாரணையின்றி வாய் திறக்கும் நற்பேறு தங்களுக்கு வாய்க்குமாக. காலைத் தூறலில் எங்கும் ஓட வேண்டிய அவசியம் இல்லாத நெடிய நாட்கள் தங்களுக்கு வரிசையாக வந்து சேர்க. வந்தவை மெய்யான நாட்கள்தாமா என்று சரிபார்க்காமலே தாங்கள் அவற்றை ஏற்றுக்கொள்க.

தங்கள் சந்தேகத்தின் நிழலில் பாதுகாப்பாக வளர்ந்த,
இணையப் பாதுகாப்புத் துறையினரும் தேர்வுப் பிரிவினரும், ஒருவர் நீங்கலாக.

மறுப்புக்கென விட்ட இடத்தில், அந்த ஒருவரின் கையெழுத்தில்:

இம்மடலில் பிழைகள் உள்ளன. படை எதுவும் வரவில்லை. மதிய உணவை அன்று யாரும் சாப்பிடவில்லை. பல்லி ஒன்றுதான், அதற்குக் குடும்பம் இல்லை. நான் குடித்தது தேநீர் அல்ல, வெந்நீர். குடை கடன் வாங்கப்படவில்லை, பிடுங்கப்பட்டது. நான் இழுங்க என்று ஒருமுறைதான் சொன்னேன்.

இத்தனை நாள் நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. நடந்தது என்று ஒத்துக்கொண்டால், எந்த எண்ணைத் தட்டினீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். தட்டியது என் மகளின் எண். பார்க்கமாட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் பார்க்கப் போனேன். ஏதாவது ஒரு எண் என்று மேடம் சொன்னதும் என் விரலுக்கு வேறு எண் எதுவும் தெரியவில்லை. அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயர் இல்லை. அதற்குப் பிறகுதான் எழுந்தேன். ஊரார் பிள்ளைகளின் எண்ணைத் தட்டியிருந்தால் அவ்வளவு வேகமாக எழுந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

மேடத்துக்கு அது அப்போதே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. இதை என் மகளிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். "இதுக்காப்பா இத்தனை வருஷம்" என்றாள்.

மேலே சொன்ன பிழைகள் தவிர மற்றவற்றைச் சரிபார்த்துவிட்டேன். நடந்தது.